தோத்தவனுக்கு முதல் குடம்

எந்தப் போட்டி முடிந்தாலும், வென்றவரைப் பார்க்க அவர் இரண்டாவதாகத்தான் போவார். முதலில் தோற்றவர். நகராட்சித் தேர்தல் காலத்திலேயே அப்படித்தான் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சோஹார் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்த எங்கள் நிறுவனத் தொழிலாளர் கேம்ப்பில், வெள்ளிக்கிழமை கேரம் ஆட்டங்களுக்குப் பிறகு அவர் அப்படிச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஜெயிச்சவன் வீட்ல கூட்டம் நிக்கும் சார். நாம போனோமா போகலையான்னு அவனுக்கே தெரியாது. தோத்தவன் வீட்ல நாற்காலி பூரா காலியாக் கெடக்கும். ஒரு ஆளு போய் உக்காந்தா அது தெரியும்" என்பார்.

எல்லோரும் அவரைச் சேர்மன் என்றார்கள். பதவியின் பெயர் கேம்ப் பாஸ். அறை ஒதுக்குவது, தண்ணீர் வண்டி வந்ததா என்று பார்ப்பது, மெஸ் சமையற்காரர்களின் சண்டையைத் தீர்ப்பது, ஏசி நின்றுபோன அறைக்கு ஆள் அனுப்புவது, லீவில் போனவரின் கட்டிலை இன்னொருவர் பிடித்துக்கொள்ளாமல் காப்பது ஆகியவை கேம்ப் பாஸின் பொறுப்புகள். இதே பொறுப்புகளைக் கரிசல் பக்கத்துச் சிறு நகராட்சி ஒன்றின் தலைவராக அவர் முன்பே சற்றுப் பெரிய அளவில் சுமந்திருந்தார். அதன்பின் ஒருமுறை சட்டமன்ற உறுப்பினர். அதன்பின் தோல்வி. அதன்பின் அக்காள் மகன் எடுத்துக் கொடுத்த விசாவில் ஓமான். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார்.

"ஊர்ல முன்னாள் சேர்மனா இருக்கிறதும் ஒரு உத்தியோகந்தான் சார். கல்யாணத்துக்குப் போகணும், காதுகுத்துக்குப் போகணும், டீக்கடையில நாலு பேரு எந்திரிக்கிறானான்னு ஓரக்கண்ணால பாக்கணும். லீவே கெடையாது. அதான் ராஜினாமா பண்ணிட்டு வந்துட்டேன்."

நான் அந்நிறுவனத்தில் பாதுகாப்பு, நீர்த்தரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பாளன். வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் கல்லூரியில் கற்பித்துவிட்டு, மனைவியோடு வளைகுடாவுக்கு வந்தவன். மாதந்தோறும் கேம்ப்பின் குடிநீரைச் சோதிக்கப் போவேன். நான் தொட்டியின் மீது ஏறியிருக்கும்போது அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பார். குளோரின் அளவு சரியாக இருக்கிறது என்றால், தமக்கு ஓட்டு விழுந்ததைப் போல முகம் மலர்வார்.

அவரிடம் பிடிக்காதவையும் இருந்தன. அவரால் தனியாக நடக்க முடியாது. மெஸ்ஸிலிருந்து கேட் வரை போவதற்கும் பக்கத்தில் ஒருவர் வேண்டும். தனியாக உண்ண முடியாது. தொலைபேசியில் பேசும்போது, எதிர்முனையில் இருப்பவருக்கும் அப்பால் ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டிருப்பதைப் போலக் குரலை உயர்த்துவார். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. "ஆவன செய்வோம்" என்பார். அதைச் செய்வார் என்றும் கொள்ளலாம், செய்யமாட்டார் என்றும் கொள்ளலாம். தெருவில் போகும்போது அவர் பார்வை இரண்டு இடங்களில்தான் நிற்கும்: மேலே விளக்குக் கம்பம், கீழே சாக்கடை மூடி. சோஹார் கடைவீதியில் ஒருமுறை குனிந்து ஒரு மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லா மூடியும் இருந்த எடத்துலயே இருக்கு சார். இங்க சேர்மனா இருந்தா பொழுது போகாது" என்றார்.

இவரைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கு ஒரு வெண்கலப் பலகை காரணம். என் மகன் கனடாவில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறான். அண்மையில் காணொளியில் பேசும்போது, தான் நிற்கும் நகர மன்றக் கட்டடத்தைக் காட்டினான். வாசலில் மீசை வைத்த ஒருவரின் உருவமும், அதன் கீழே அந்தப் பலகையும் இருந்தன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரின் மேயராக இருந்தவர். குழாய்நீரையும் தெருவிளக்கையும் கொண்டுவந்தவர். பின்னர் மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அதற்கு மேல் பலகையில் ஒன்றும் இல்லை. பிறகு என்ன ஆனார் என்று கேட்டேன். மகன் தன் கைப்பேசியில் தேடிவிட்டு, "அடுத்த எலெக்‌ஷன்ல தோத்துட்டாராம்ப்பா" என்றான். எங்கள் சேர்மன் அருகில் இருந்திருந்தால், அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் வீட்டுக்கு முதலில் போனது யார் என்று கேட்டிருப்பார்.

சேர்மன் கேம்ப்பின் கட்டடங்களைப் பிளாக் என்று சொன்னதேயில்லை. ஏ, பி, சி பிளாக்குகள் அவர் வாயில் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வார்டுகள். முதலிரண்டிலும் தமிழரும் மலையாளிகளும் வட இந்தியரும் நிறைந்திருந்தார்கள். ஜெனரேட்டரை ஒட்டிய மூன்றாம் வார்டு சிறியது. அங்கே நேப்பாளத்தவர் இருந்தார்கள். ஒரு கோடையில் நிறுவனம் வடிகட்டியோடு கூடிய குடிநீர்த் தொட்டி ஒன்றை அனுப்பியது. ஒன்றுதான். எங்கே வைப்பதென்பதைக் கேம்ப் பாஸின் முடிவுக்கு விட்டுவிட்டார்கள். நான் அளந்து பார்த்தவரையில், பழைய குழாயிலிருந்து மிகத் தொலைவில் இருந்தது மூன்றாம் வார்டுதான். அதை அவரிடம் சொன்னேன்.

"சரிதான் சார்" என்றார். பின்னர் வெள்ளிக்கிழமை பிற்பகலில் எல்லோரையும் முற்றத்தில் கூட்டி, ஆரஞ்சுப் பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிக்கொண்டார். "ஒண்ணாம் வார்டு முன்னாடி வேணுங்கிறவங்க கை தூக்குங்க."

முதலிரண்டு வார்டுகளிலிருந்தும் கைகள் உயர்ந்தன. அப்போது அவர் முகத்தில் தோன்றியதைப் பசி என்றுதான் சொல்லவேண்டும். நிதானமாக எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மூன்றாம் வார்டு தோற்றது. தோற்காமல் இருக்க வழியே இல்லை. ஒன்றாம் வார்டின் முத்தையா, புதுக்கோட்டைப் பக்கத்து வெல்டர், விளையாட்டாகக் கத்தினான்: "தலைவர் வாழ்க." மற்றவர்களும் சிரித்துக்கொண்டே வாழ்க என்றார்கள். யாரோ அத்தனையையும் கைப்பேசியில் காணொளியாகப் படம் எடுத்தார்.

பெட்டியிலிருந்து இறங்கியவர் கைதட்டியவர்கள் பக்கம் திரும்பாமல் நேரே மூன்றாம் வார்டுக்காரர்களிடம் போனார். அவர்களில் மூத்தவரை எல்லோரும் தாஜு என்பார்கள். அவர்கள் மொழியில் அண்ணன் என்று பொருள். தாஜு கோபத்தைக் காட்டவில்லை. இந்தியில் ஒரே வாக்கியம் சொன்னார்: "சேர்மன் பாய், ஹாத் கம் ஹை. பியாஸ் கம் நஹீ." எங்கள் கைகள் குறைவு, தாகம் குறைவில்லை என்றார்.

சேர்மன் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார். பிறகு அதையே தம்முடைய உடைந்த இந்தியில் சொன்னார். "ஜெயிச்சவனுக்குத் தொட்டி. தோத்தவனுக்கு முதல் குடம். எங்க ஊர்ல தெருக்குழாய்க்கு இதான் சட்டம். வண்டி வந்து தொட்டி நெறஞ்சதும் மூணாம் வார்டு புடிக்கும். அப்பறந்தான் மத்தவங்க."

"தலைவரே, கேம்ப்புல ஏது கொடம்? பக்கெட்டுதான் இருக்கு" என்றான் முத்தையா.

"ஒனக்கு பக்கெட்டு. அவங்களுக்குக் குடம்."

உங்கள் அதிகாரத்திலேயே மூன்றாம் வார்டுக்குக் கொடுத்திருக்கலாமே, எதற்கு இந்த ஓட்டு என்று பிறகு கேட்டேன். அவர் சற்று வியப்போடு என்னைப் பார்த்தார்.

"குடுத்திருக்கலாம் சார். அப்ப மத்த ரெண்டு வார்டும் அவங்கள தெனம் மொறைச்சுக்கிட்டே நிக்கும். இப்ப ஜெயிச்ச சந்தோசத்துல நிக்கிறாங்க. சந்தோசத்துல நிக்கிறவன் பக்கெட்ட கொஞ்சம் தள்ளி வைப்பான்."

அடுத்த வாரம் தொட்டிக்குத் திறப்பு விழா வைத்தார். கட்டடப் பணியிடத்தில் கட்டும் சிவப்பு வெள்ளை எச்சரிக்கை நாடாவைக் குழாயின் குறுக்கே கட்டினார். தாஜு அதைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டினார். தலைமை தாங்க என்னை அழைத்திருந்தார்கள். பொன்னாடைக்கு வழியில்லாததால் சேர்மன் பச்சை நிறப் புதுக் குளியல் துண்டு ஒன்றை எனக்குப் போர்த்தினார். அதைத் தோளில் போட்டபடியே வீடு திரும்பியபோது என் மனைவி கதவருகில் நின்று சிரித்தாள்.

"பொன்னாடையத் துவைக்கலாமா? சாயம் போகுமா?"

"குளியல் துண்டுதானே, துவை" என்றேன்.

"அதெப்படி? சேர்மன் போட்டது" என்று மடித்து அலமாரியில் வைத்தாள்.

ஓட்டெடுப்பில் எடுத்த அந்தப் படம் எப்படியோ தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது. ஓசையைக் குறைத்துவிட்டுப் பார்த்தால் அதில் தெரிவது இதுதான்: நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், உயர்த்திய கைகள், பெட்டியின் மேல் ஒருவர். வேலைநிறுத்தத்தின் தொடக்கம் அப்படித்தான் இருக்கும். சேர்மனை விசாரணைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். அறையில் நிர்வாக மேலாளர் இருந்தார், பீகார்க்காரர். பக்கத்தில் அரசு அலுவல்களைப் பார்க்கும் ஓமானியர் ஒருவர், வெள்ளை அங்கியில், ஜெபமணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் சேர்த்துத் தூண்டிவிட்டார் என்று முடிவானால் விசா ரத்து; அந்த வாரமே விமானம். அது எங்கள் மூவருக்கும் தெரியும். சேர்மனுக்கும் தெரியும். வெள்ளைச் சட்டையை அன்று நன்றாக இஸ்திரி போட்டிருந்தார்.

மேலாளர் படத்தை ஓடவிட்டு நிறுத்தினார். "இவர்கள் கத்துவது என்ன?"

"தலைவர் வாழ்க" என்றேன்.

"பொருள்?"

"Leader" என்ற சொல்லை உச்சரிக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு சொற்பொழிவு தேவைப்பட்டது. எங்கள் மொழியில் அந்தச் சொல் மிகவும் தேய்ந்தது என்றேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் தலைவர். குடும்பத்தில் மூத்த ஆண் தலைவர். திரைப்படத்தில் வருபவர் தலைவர். பேருந்தில் ஓரமாக நகரச் சொல்வதற்கும், தெரியாதவரிடம் தீப்பெட்டி கேட்பதற்கும் தலைவரே என்போம். தேநீர் கொண்டுவருபவரையும் அப்படித்தான் அழைக்கிறோம்; அது விளிச்சொல், பதவி அன்று.

இதில் பொய் ஏதும் இல்லை. மேலாளர் கேட்டுக்கொண்டார். பிறகு, "இவர் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்றார்.

உண்மை, அவர்களுடைய சந்தேகத்தை விட ஆபத்தாக இருந்தது. நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சேர்மன் எழுந்து நின்றார். கைகளைக் கூப்பினார். இந்தியிலேயே பேசினார். "சாப், நேத்தா தா. ஹார் கயா. மே ஹாரா ஹுவா ஆத்மி."

தலைவனாக இருந்தேன், தோற்றுவிட்டேன், நான் தோற்றுப்போன ஆள் என்றார்.

மேலாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். அவர் முகத்தில் அதிகாரி மறைந்து ஒரு மாவட்டத்துக்காரர் தோன்றினார். "எம்.எல்.ஏ. எலெக்‌ஷனா? கித்னே ஸே ஹாரா?" எவ்வளவில் தோற்றாய் என்று கேட்டார்.

சேர்மன் யோசிக்காமல் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை, சிறிய எண். மேலாளர் உச்சுக்கொட்டினார். தம் மாமாவும் அப்படித்தான் தோற்றார் என்றும், இரண்டு மாதம் வெளியே தலைகாட்டவில்லை என்றும் சொன்னார். அந்த மாமாவை முதலில் போய்ப் பார்த்தது யார் என்று சேர்மன் கேட்டார். மேலாளர் தாள்களை அடுக்கினார். ஓமானியருக்கு அரபியில் ஏதோ விளக்கினார். அவர் சேர்மனைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கலாஸ்" என்றார். முடிந்தது. கேம்ப்பில் இனி யாரும் கை தூக்கக் கூடாது என்பது மட்டும் உத்தரவு.

வெளியே வந்து வண்டி ஓட்டும்போது, விளிச்சொல் என்று நான் சொன்னது அவருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரே தொடங்கினார்.

"நீங்க சொன்னது சரி சார். ஓட்டுப் போட்டவனும் தலைவரேன்னான். போடாதவனும் தலைவரேன்னான். எண்ணிப் பாக்கையிலதான் வித்தியாசம் தெரிஞ்சுது."

தோற்ற அன்றைய பிற்பகலை அவர் முழுதாகச் சொன்னது அப்போதுதான். வெற்றி நிச்சயம் என்று வீட்டின் முன் பந்தல் போட்டு வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முடிவு வந்ததும் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சற்றைக்கெல்லாம் பந்தல்காரர் வந்து தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, ஜெயிச்சவுக வீட்ல நாற்காலி பத்தலையாம். சும்மாதான கெடக்கு, எடுத்துக்கிடவா?"

"நானும் சேந்து அடுக்கிக் குடுத்தேன் சார். கடைசி நாற்காலி மட்டும் இருக்கட்டும்னேன். யாராவது வந்தா ஒக்காரணும்ல."

"யாராவது வந்தார்களா?"

"அந்தப் பந்தக்காரர்தான் ஒக்காந்தாரு. தண்ணி குடிச்சாரு. போயிட்டாரு."

கை தூக்கத் தடை வந்த பிறகும் கேம்ப்பில் ஓட்டு நிற்கவில்லை. மெஸ்ஸுக்குள் செருப்போடு போவதில்லை என்பது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை பிரியாணியா, புட்டும் கடலையுமா என்ற கேள்வி எழுந்தால், பிரியாணிக்காரர்கள் வாசலுக்கு இடப்புறமும் புட்டுக்காரர்கள் வலப்புறமும் செருப்பைக் கழற்றினார்கள். சேர்மன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்து போவார். படம் எடுத்தாலும் செருப்புதான் தெரியும். ஒருமுறை முத்தையா இரண்டு ஜோடி போட்டுவிட்டான். கள்ள ஓட்டு என்று கண்டுபிடித்து ஒரு ஜோடியைத் தூக்கி எறிந்தார்கள். சேர்மன் அதைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார். "கள்ள ஓட்டுப் போட்டும் தோத்திருக்கியேடா" என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து புட்டு சாப்பிட்டார்.

என் மனைவி இறந்தது ஒரு சனிக்கிழமை, சோஹார் மருத்துவமனையில். நோயைப் பற்றி எழுதுவதற்கில்லை. வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது கீழே வண்டி நிற்கும் ஓசை கேட்டது. கேம்ப்பின் பிக்கப். பின்புறம் மெஸ்ஸின் வெள்ளை நெகிழி நாற்காலிகள் அடுக்கியிருந்தன. சேர்மன் அவற்றை இரண்டிரண்டாக மாடிக்குத் தூக்கி வந்தார்.

"இவ்வளவு எதற்கு? இங்கே எனக்கு யாரும் இல்லை, யாரும் வரமாட்டார்கள்" என்றேன்.

"வரமாட்டாங்கன்னா கண்டிப்பாப் போடணும் சார்" என்றார். போட்டார். ஒன்றில் உட்கார்ந்தார். டியூட்டி முடிந்து முத்தையாவும் தாஜுவும் மற்றவர்களும் வந்து மற்றவற்றை நிரப்பும்வரை அவர் அங்கிருந்து எழவில்லை.

கேள்வி ஒன்று இருந்தது. சோஹாரில் நம்மவர்களை எரியூட்ட ஓர் இடம் உண்டு. அவளை இங்கேயே தகனம் செய்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். நான் இங்கேதான் இருக்கப்போகிறேன். பெட்டியில் அடைத்து, குளிரில் வைத்து, சரக்கோடு சரக்காக அவளை அனுப்புவதை என்னால் நினைக்க முடியவில்லை. மகன் கனடாவிலிருந்து பேசினான், அழுதுகொண்டே பேசினான். ஊருக்குக் கொண்டுவர வேண்டும், ஆற்றங்கரையில் தானே கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவின் உடன்பிறந்தவர்கள் பார்க்க வேண்டும் என்றான். இருவரும் இரண்டு முறை பேசினோம். இரண்டாம் முறை குரல் உயர்ந்தது. காகிதங்களில் எந்தக் கட்டத்தில் கையெழுத்திடுவது என்று அலுவலகத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேர்மன் நாற்காலியை எனக்கு நேரெதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி ஓட்டு ஊருக்கு. ஒங்க ஓட்டு இங்க. அம்மா ஓட்டு என்ன சார்?"

அந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் எழுந்து போயிருப்பேன். எனக்கு விடை தெரியும். அதற்கு முந்தைய ஆண்டு துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "என்னை மட்டும் இங்க விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"அப்ப நீங்க தோத்துட்டீங்க சார்" என்றார்.

"ஆமாம்."

மகனுக்கு அவரே போன் செய்தார். முதல் முறையாகத் தாழ்ந்த குரலில் அவர் பேசிக் கேட்டேன். "தம்பி, நீங்க ஊருக்கு வந்துருங்க. அப்பா கூட்டிட்டு வாராரு. கொள்ளி ஒங்களுக்கு." பிறகு போனை வைத்துவிட்டு என்னிடம், "மாத்துத் துணி எடுத்துக்கிடுங்க சார். ஒரு துண்டும்" என்றார்.

எங்கே போகிறோம் என்பது மருத்துவமனையின் பிணவறை வாசலில்தான் எனக்குப் புரிந்தது. உடலைப் பதப்படுத்துவதற்கு முன் குளிப்பாட்டும் அறை அங்கே உண்டு. பொறுப்பாளர் ஹைதராபாத்காரர், வயதானவர். சேர்மன் அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வந்தபோது கையில் சிவப்பு நெகிழி மக் ஒன்று இருந்தது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றும் மக்கைப் போன்றது.

"ஊர்ல எல்லாம் தம்பி செய்வாரு. குளிப்பாட்டறது உறவுக்காரங்க செய்வாங்க. ஒங்கள ஓரமா நிப்பாட்டிருவாங்க சார். மொத தண்ணி நீங்க ஊத்திருங்க."

உள்ளே போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் வாசலுக்கு வெளியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேறு யாரும் வந்துவிடாதபடி நின்றார். நான் எடுத்துவந்திருந்தது அந்தப் பச்சைத் துண்டு என்பதை அவளுடைய முகத்தைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். அலமாரியில் கைக்கு முதலில் அகப்பட்டது அதுவாக இருந்திருக்கிறது. சாயம் போகவில்லை.

ஊரில் அவர் சொன்னபடிதான் நடந்தது. என் மகன் எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். நான் ஓரமாக நின்றேன். நிற்க முடிந்தது.

அதற்கடுத்த ஆண்டு கேம்ப் நிர்வாகத்தை வேறொரு ஒப்பந்ததாரர் எடுத்தார். சேர்மன் ஊர் திரும்பினார். வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார். "முன்னாள் சேர்மன், முன்னாள் எம்.எல்.ஏ., இப்ப முன்னாள் கேம்ப் பாஸும் ஆயாச்சு. பேனர்ல எடம் பத்தல சார்" என்பார். மூன்றாம் வார்டு முதலில்தான் பிடிக்கிறதா என்று தவறாமல் கேட்பார். ஆம் என்பேன். அது உண்மை. தாஜுவும் அவர் கூட்டாளிகளும் போய்விட்டார்கள். அங்கே இப்போது வேறு ஆட்கள். தொட்டி நிறைந்ததும் மற்றவர்கள் பக்கெட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு நிற்பதும், ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் பிடிப்பதும் மட்டும் மாறவில்லை. ஏன் என்று கேட்டால் புதிய கேம்ப் பாஸ், "இதர் கா ஸிஸ்டம் ஹை" என்பார், இங்கே முறையே அதுதான் என்று.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சேர்மனின் அழைப்பு வரவில்லை. பிற்பகலில் முத்தையா அழைத்தான்.

"சார், தலைவர் போயிட்டாரு."

எந்தத் தலைவர் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் இருக்க முடியாமல் கேம்ப்புக்குப் போனேன். தண்ணீரைச் சோதிக்க வந்ததாகக் காவலாளியிடம் சொன்னேன். அந்த மாதத்துச் சோதனை முன்பே முடிந்திருந்தது. வண்டி அப்போதுதான் தொட்டியை நிரப்பிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கூட்டம் ஒன்றும் இல்லை, கூடக் கூடாது. ஆனால் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கலாம். வழக்கத்தை விட நீண்ட வரிசை. மெஸ் வாசலில் எல்லாச் செருப்புகளும் வலப்புறமே கிடந்தன. என்ன கேள்விக்கு என்று கேட்டேன். "கேள்வி ஒண்ணும் இல்ல சார். சும்மா, எல்லாரும் ஒரே பக்கமா அவருக்குப் போட்டோம். அவரு தோத்துறக் கூடாதுல்ல" என்றான் முத்தையா.

மூன்றாம் வார்டிலிருந்து முதலாவதாக வந்தவர் ஓர் இளைஞர், சேர்மனைப் பார்த்திராதவர். முத்தையா அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னான். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தம் கேனை ஓர் அடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"சார், நீங்க புடிங்க."

"நானா? நான் அவருக்கு உறவில்லையே, முத்தையா."

"நாங்க ரூமுக்கு எட்டுப் பேரு சார். ராத்திரி பூரா அவரப் பத்திப் பேசிக்கிடுவோம். நீங்க ஒத்தை ஆளு" என்றான். குழாயைக் காட்டி, "அவரு இருந்தா மொதல்ல ஒங்க வீட்டுக்குத்தான் போயிருப்பாரு" என்றான்.

என்னிடம் பாத்திரம் எதுவும் இல்லை. சமையலறையிலிருந்து யாரோ ஒரு மக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு குனிந்து குழாயைத் திறந்தேன். அது நிறையும்வரை வரிசையில் ஒருவரும் அவசரப்படவில்லை.